அம்மாவின் நிறத்திலேயே ஒரு படம்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அக்காவின் ஒரே தங்கை. தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எழுதுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, “ரொம்ப நீட்டாத, படிக்கிறவங்க சாப்பிடப் போகணும்” என்று சொல்வதுபோலவே இருக்கிறது. முடிந்தவரை நீட்டாமல் சொல்லப் பார்க்கிறேன்.

அக்கா பிறந்தது இங்கே சிங்கப்பூரில், ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்தார். அந்த மாடியில் இருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே சமையலறை, ஒரே குழாய். காலையில் குழாயடியில் யார் முதலில் நிற்பது என்று தினமும் ஒரு சச்சரவு நடக்கும். அக்கா சின்ன வயதிலேயே அதில் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்வாராம். பிற்காலத்தில் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வரிசையை மீறி நுழைபவர்களை அக்கா தோளில் தட்டித் திருப்பி அனுப்பியதைப் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள்.

எனக்கு அப்பாவின் நிறம். அக்காவுக்கு அம்மாவின் நிறம், நல்ல கறுப்பு. நாங்கள் இருவரும் தேக்கா சந்தைக்குப் போனால், இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா என்று காய்கறிக்காரர் கேட்பார். அவர் விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் வாராவாரம் கேட்டார். அக்கா கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

துறைமுகத்தில் அப்பாவின் கால் நசுங்கியபோது அக்கா உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டில் இருந்தார். அத்தோடு படிப்பு நின்றது. கேமரா செய்யும் வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்று அப்போது இங்கே பெண்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அக்கா அங்கே சேர்ந்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் மயிரிழை போன்ற சுருள்கம்பிகளைக் கேமராவுக்குள் பொருத்துகிற வேலை. நான் பள்ளிப் படிப்பை முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனது அந்தச் சுருள்கம்பிகளால்தான். அக்கா அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான் எழுத்துப் பிழை விட்டால் மட்டும், “இதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்” என்பார்.

அக்காவுக்குத் திருமண வயது வந்ததும் மலேசியாவில் ஜொகூரிலிருந்து ஒரு வரன் வந்தது. முதலில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அப்பா அக்காவைச் சிராங்கூன் சாலையில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். ஸ்டூடியோக்காரர் முகத்தில் பவுடரை அப்பி, விளக்குகளைக் கிட்டே நகர்த்தி, படம் எடுத்த பிறகு நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி, அக்காவை வெள்ளையாக்கிக் கொடுத்தார். அப்போது எல்லா ஸ்டூடியோவிலும் அதுதான் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் பெண் பார்க்க வந்தார்கள். அக்கா தேநீர்த் தட்டோடு வந்து நின்றபோது, பையனின் அம்மா கோப்பையை எடுக்காமல் அக்காவைப் பார்த்துவிட்டு, “போட்டோல வேற மாதிரி இருந்துச்சே” என்றார். அப்புறம் மரியாதைக்குத் தேநீர் குடித்தார்கள். போய்விட்டார்கள்.

அவர்கள் மேல் அப்பா ஆத்திரப்பட்டுப் பேசிக்கொண்டே இருந்தார். அக்கா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அவங்களத் திட்டாதீங்கப்பா. போட்டோல இருந்தது நான் இல்ல.”

அந்த ஆண்டுதான் அக்கா தொழிற்சாலையில் ஊழியர்களுக்குத் தவணையில் கொடுத்த கேமராக்களில் ஒன்றை வாங்கினார். பெண் பார்த்துவிட்டுப் போனதற்கும் கேமரா வாங்கியதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். குழாயடிப் பெண்கள், பூக்கட்டுபவர்கள், தொழிற்சாலைத் தோழிகள், ஆட்டுத்தொட்டி பக்கம் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் என்று யாரையும் விடமாட்டார். பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்களைத் துடைத்துவிட்டு வரச் சொல்வார். என்னையும் அப்படித் துடைத்துக்கொண்டு வர அனுப்பியிருக்கிறார். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்தான். தொழிற்சாலையில் கேமராக்களில் படம் எடுத்துப் பரிசோதிக்கும் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த தோழி சல்மா அக்காவின் சுருள்களைக் கழுவிக் கொடுப்பார். நெகட்டிவ் கையில் கிடைத்துவிடும். அதைக் காகிதத்தில் போட்டு எடுப்பதற்குத்தான் வீட்டு நிலைமை இடம் தரவில்லை. “படம் தர்றேன், அப்புறம் தர்றேன்” என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிவைத்தார்.

அத்தானைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அத்தான் அந்தத் தொழிற்சாலையின் பேருந்து ஓட்டுநர். விடியற்காலையில் அக்காவை ஏற்றிக்கொண்டு போவார், மாலையில் இறக்கிவிடுவார். ஒரு நாள் பேருந்தைத் திருப்பத்தில் நிறுத்திவிட்டு மாடியேறி வந்து, அம்மாவிடம் நேராகவே பெண் கேட்டார். அம்மா தயங்கி, போட்டோ ஏதும் வேண்டுமா என்று கேட்டார். “போட்டோ எதுக்கும்மா? தெனமும் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான வர்றேன்” என்றார் அத்தான். பேருந்து ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்திருக்கிறாரே என்று அக்கா கவலைப்பட்டதாக அத்தான் கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை நிறைவானது. கதிர் என்று ஒரே பிள்ளை.

திருமணத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் ஆங் மோ கியோவில் அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். முதல் முறையாக எங்களுக்கென்று தனிச் சமையலறை, தனிக் குழாய். அம்மா அன்று சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அது ஊரார் துணி அல்ல, எங்கள் துணி. அக்கா கூப்பிட, அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அக்கா அதைப் படம் எடுத்தார். அம்மாவுக்குப் பின்னால் சன்னல் நிறைய வெயில்.

சில ஆண்டுகளில் அம்மா போய்ச் சேர்ந்தார். இறுதிச் சடங்குக்குப் படம் வேண்டும் என்று அக்கா அந்த நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஒரு ஸ்டூடியோவுக்கு ஓடினார். எதிர்வெளிச்சம், முகம் இருட்டு, தெளிவாக வராது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அடையாள அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கித் தந்தார்கள். வழக்கப்படி முகத்தை வெளுத்து, முடியை மை பூசினாற்போல் தீட்டி, புருவம் வரைந்து கொடுத்திருந்தார்கள். நேரமில்லை. அதற்கு மாலை போட்டோம். பிறகு அதுவே சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் நிலையாகத் தொங்கியது. கதிருக்கும் என் பிள்ளைகளுக்கும் பாட்டி என்றால் அந்த வெள்ளை முகம்தான்.

கேமரா தொழிற்சாலை மூடிய பின் அக்கா ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார். சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். வேலை, பிள்ளை, வீடு என்று ஆண்டுகள் ஓடின. கேமரா அலமாரிக்குப் போனது. நெகட்டிவ்களை மட்டும் அக்கா கைவிடவில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் அவை பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், தொழிற்சாலையில் மின்னணுப் பாகங்களோடு வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி வந்து, நெகட்டிவ் பெட்டியில் மாற்றி மாற்றி வைப்பார். தீபாவளிக்குப் பலகாரம் செய்ய மறந்தாலும் மறப்பாரே தவிர, அதை மறக்கமாட்டார். (அக்காவின் முறுக்கைச் சாப்பிட்டவர்கள், அவர் பலகாரத்தை மறந்த ஆண்டுகளை நன்றியோடு நினைத்துக்கொள்வார்கள்.)

அத்தான் மறைந்த பிறகு அக்காவின் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைப் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தச் சுத்திகரிப்பு. போய் வந்தால் அன்று முழுக்கப் படுக்கைதான். இதயமும் தளர்ந்திருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் அக்கா அந்தப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னார். நெகட்டிவ்களைச் சன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். “எத்தன பேர நிக்க வச்சு எடுத்துட்டேன்” என்றார். “ஒருத்தருக்கும் குடுக்கல.”

கதிர் கணினித் துறையில் இருக்கிறான். தன் அம்மாவின் ஆசை என்றதும் நெகட்டிவ்களை ஒரு கடையில் ஸ்கேன் செய்து, எல்லாவற்றையும் அக்காவின் கைப்பேசியிலேயே போட்டுக் கொடுத்தான். அக்காவுக்கு மகிழ்ச்சிதான். உடனே சல்மாவுக்கு அவருடைய படத்தை அனுப்பினார். சல்மாவிடமிருந்து பதிலுக்கு ஒரு கட்டைவிரல் குறி வந்தது. அக்கா அந்தக் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் படத்தைத் தேடி எடுத்தார். கடையின் ஸ்கேன் இயந்திரம் முகம் தெரிய வேண்டும் என்று தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியிருந்தது. சன்னல் வெறும் வெள்ளையாகப் போயிருந்தது. அம்மாவின் முகம் சாம்பல் பூசினாற்போல் இருந்தது.

“கதிரு, நல்லாத்தான் பண்ணிருக்க” என்றார் அக்கா. “ஆனா பாட்டியத் திரும்பவும் வெள்ளையாக்கிட்டாங்க.”

கதிர் அதை மாற்றிப் பார்த்தான். கறுப்பைக் கூட்டினால் முகம் தார்போல் அடைந்தது, குறைத்தால் சாம்பல். அதற்குமேல் அவனுக்குத் தெரியவில்லை. பழைய முறையில், இருட்டறையில் நெகட்டிவிலிருந்து நேராகக் காகிதத்தில் போடுகிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா என்று அவனே தேடினான். ஊபி பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் மெய் லின் என்ற சீனப் பெண் இருட்டறை வைத்திருப்பது தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். வடிவமைப்பு வேலை பார்த்தவர். விருப்பப்பட்டு இதற்கு வந்தவர். கதிர் எங்கள் இருவரையும் டாக்சியில் கூட்டிப்போனான். சரக்கு ஏற்றும் மின்தூக்கியில்தான் அக்காவின் சக்கர நாற்காலி நுழைந்தது.

மெய் லின் முதலில் நெகட்டிவ்களை வரிசையாகக் காகிதத்தின் மேல் பரப்பி, அதே அளவில் சின்னச் சின்னப் படங்களாக எடுத்துக் கொடுத்தார். அக்கா பழைய தொழிற்சாலைப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை சொன்னார். மெய் லின் அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டார். அக்கா ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசினார். இருவருக்கும் முதல் நாளே பிடித்துப்போனது. நெகட்டிவ்கள் இவ்வளவு சுத்தமாக எப்படி இருக்கின்றன என்று மெய் லின் வியந்தபோது, அக்கா அந்தப் பொட்டலங்களைக் காட்டினார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

அடுத்த முறை நாங்கள் போனபோது, அம்மாவின் படத்தை மெய் லின் முன்கூட்டியே போட்டு, காயவைத்து, மேசையில் வைத்திருந்தார். சன்னல், மூங்கில் கழி, துணி எல்லாம் அழகாக வந்திருந்தன. அம்மாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா படத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிடிக்கவில்லையா என்று மெய் லின் கேட்டார். அக்கா நன்றி சொன்னார், வேலை நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் மெதுவாக, இது அம்மாவின் நிறம் இல்லை என்றார்.

முகம் தெரிய வேண்டும் என்றுதான் வெளிச்சமாகப் போட்டதாக மெய் லின் சொன்னார். அப்போதுதான் அக்கா, எங்கள் குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார். ஸ்டூடியோவில் தீட்டிய படம், தேநீர்த் தட்டு, ஜொகூர்க்காரர்கள், அம்மாவின் இறுதிச் சடங்குப் படம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கதையை அக்காவின் வாயிலிருந்து நான் அவ்வளவு முழுமையாகக் கேட்டது அன்றுதான். அக்கா சொல்லி முடித்ததும் சட்டைக் கையை மேலே சுருட்டி, தன் முன்கையைப் படத்தின் பக்கத்தில் வைத்தார். ஊசி போட்டுப் போட்டுத் தடித்த கை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை, பேச்சின் கடைசியில் ஒட்டும் எங்கள் ஊர் ‘லா’வோடு தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்:

“எங்க அம்மா இந்தக் கலர் லா. கறுப்புதான். ஆனா இருட்டு இல்ல. கறுப்பாவே பளபளன்னு இருப்பாங்க. அப்படிக் குடு.”

மெய் லின் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தொட்டுப் பார்த்தார். மேசை விளக்கைத் திருப்பி, தோலில் வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே வழுக்கிப் போகிறது என்று பார்த்தார். பிறகு, உள்ளே வந்து உட்காருகிறீர்களா ஆன்ட்டி என்றார்.

இருட்டறைக்குள் மருந்து வாடை. சிவப்பு விளக்கு ஒன்று. ஒரு மூலையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா முக்காலியில் உட்கார, விழாமல் நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். மெய் லின் மேலே இருந்த கருவியில் நெகட்டிவை வைத்து, கீழே காகிதத்தின் மேல் அதன் உருவத்தை விழச் செய்தார். ஒரு கம்பியின் நுனியில் ஒட்டிய சின்ன அட்டையை வெளிச்சத்துக்கு நடுவே ஆட்டி, அம்மாவின் முகம் அதிகம் கறுத்துவிடாதபடி அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் நிழல் கொடுத்தார். பிறகு கையைக் குவித்து மற்றதை மறைத்து, சன்னலுக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் விட்டார். காகிதம் அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது. அதை மருந்துத் தட்டில் நழுவவிட்டு, தட்டை ஓரமாகத் தூக்கித் தூக்கி அசைத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மருந்துத் தண்ணீருக்கு அடியில் ஒரு கருமை படர்ந்தது. அது அம்மாவின் முடி. அடுத்து முகம், கழுத்து, சேலை. அதற்கப்புறம்தான் சுவர், துணிகள். வெயில் நிறைந்த சன்னல் கடைசியில் வந்தது. நிஜத்தில் கறுப்பான இடம்தான் நெகட்டிவில் தெளிவாக இருந்து வெளிச்சத்தை விடும், அதிக வெளிச்சம் பட்ட இடம்தான் காகிதத்தில் முதலில் கறுக்கும் என்று மெய் லின் விளக்கினார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா, கறுப்புதான் மொதல்ல வருது.”

சிவப்பு வெளிச்சத்தில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குரலில் சிரிப்பு இருந்தது.

அன்று போட்ட படங்களில் ஒன்றில் முகம் மூழ்கிப்போனது, கண்ணே தெரியவில்லை. இன்னொன்றில் மூக்கு நன்றாக வந்தது, நெற்றி சாம்பலானது. மெய் லின் காகிதத்தை மாற்றினார், நிழல் கொடுக்கும் அட்டையை வெட்டிச் சிறிதாக்கினார். ஒன்று ஈரத்தில் பார்க்கச் சரியாக இருந்தது. ஆனால் இந்தக் காகிதம் காய்ந்தால் இன்னும் கறுக்கும், காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் அவர். அக்காவுக்கு அது பிடித்தது. தொழிற்சாலையில் பரிசோதிக்காமல் எதையும் பெட்டிக்குள் போடவிடாதவர் அல்லவா.

ஆனால் அதற்குள் அக்காவுக்கு நோய்த்தொற்று வந்து காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. முதல் சில நாள் பேச்சே இல்லை. பிழைப்பாரா என்று மருத்துவர்களே தயங்கினார்கள். கதிர் மெய் லினுக்குத் தகவல் சொல்லி, படம் இப்போது இருப்பதே போதும், கொடுத்துவிடுங்கள், அம்மா கண் திறந்திருக்கும்போதே காட்டிவிடுகிறேன் என்று கேட்டான். மெய் லின் உடனே சரி என்று சொல்லவில்லை. ஆன்ட்டி கேட்டது இது இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் அவகாசம் தரச் சொன்னார். எனக்கு அப்போது அவர்மேல் கோபம் வந்தது. போகிற உயிர் இவருடைய காகிதம் காயும்வரை காத்திருக்குமா என்று கதிரிடம் பொரிந்தேன்.

அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியது. நினைவு தெளிந்த மறுநாள் காலை, மெய் லின் ஒரு தட்டையான பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். தூங்காமல் கண்கள் சிவந்திருந்தன. அக்காவின் கட்டிலைச் சன்னல் பக்கம் கொஞ்சம் திருப்ப முடியுமா என்று தாதியிடம் கேட்டார். பிலிப்பினோ தாதி அவர். என்ன விஷயம் என்று தெரியாமலே திருப்பிக் கொடுத்து, திரைச்சீலையையும் விலக்கினார். மெய் லின் கைகளைத் துடைத்துக்கொண்டு, படத்தை எடுத்து, சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு நேராகச் சாய்த்து வைத்தார்.

அம்மா சன்னலோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்பாக. கன்ன எலும்பின் மேல் வியர்வை மினுங்கியது. மூக்குத்தி ஒரு புள்ளியாகச் சுடர்ந்தது. வெளுக்காத அந்த முகத்தில் கண்ணோரச் சுருக்கம் உட்பட எல்லாம் தெரிந்தது. பின்னால் வெயில் வெயிலாகவே இருந்தது.

அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். காகிதத்தைத் தொடாமல், அதற்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தார்.

“அம்மா வந்துட்டாங்க” என்றார்.

நான் என்ன உணர்ந்தேன் என்று எழுத முயல்கிறேன். இத்தனை ஆண்டு அந்த வெள்ளைப் படத்துக்கு விளக்கேற்றியதில் அம்மாவின் நிஜ முகம் எனக்கு மங்கிப்போயிருந்தது. அது மங்கியிருக்கிறது என்பதே அந்தக் கணம்வரை எனக்குத் தெரியாது. நான் பத்து வயதுப் பிள்ளைபோல் மருத்துவமனையில் அழுதேன். மெய் லினும் அழுதார். அக்கா மட்டும் அழவில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் டிஷ்யூ பெட்டியை நகர்த்திவிட்டு, படத்தைக் கண்ணீர் படாத தூரத்தில் வைக்கச் சொன்னார்.

அக்கா வீட்டுக்கு வந்ததும் கதிர் பழைய படத்தை இறக்கிவிட்டு இதை மாட்டினான். வந்த உறவினர் ஒருவர், கொஞ்சம் வெளிச்சமாகப் போட்டிருக்கலாமே என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்காவும் கோபப்படவில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நன்றாகப் பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார். போகும்போது, “ஆமா, பெரியம்மா இப்படித்தான் இருப்பாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அக்காவுக்குச் சில மாதங்கள் கிடைத்தன. எங்களுக்கும்தான். சுத்திகரிப்பு இல்லாத நாள்களில் இருட்டறைக்குப் போவார். மற்ற படங்களை ஒன்றொன்றாக மெய் லினோடு உட்கார்ந்து போட்டார். இவள் மாநிறம், இவள் சிவப்பு, இவளுக்குக் கன்னத்தில் அம்மைத் தழும்பு உண்டு, மறைக்காதே என்று சொல்லச் சொல்ல, மெய் லின் அதற்கேற்ப நிழலும் வெளிச்சமும் கொடுப்பார். அங்கிருந்து வரும் வழியில் தேக்காவில் இறங்கி, குடிக்கக் கூடாத கோப்பியைப் பார்த்துக்கொண்டு, நான் குடிப்பதற்குக் காவல் இருப்பார். அந்த நாள்களைவிட நல்ல நாள்கள் எங்கள் வாழ்வில் குறைவு.

படங்களைத் தபாலில் அனுப்ப அக்கா சம்மதிக்கவில்லை. நேரில்தான் கொடுத்தார். பிடோக்கில் சல்மா வீட்டுக்குப் போனோம். தொழிற்சாலை உணவுக்கூடத்தில் வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கும் இருபது வயது சல்மா. கைப்பேசியில் அதே படத்துக்குக் கட்டைவிரல் அனுப்பியவர், காகிதத்தை இரண்டு கைகளிலும் வாங்கியதும் உட்கார்ந்துவிட்டார். தன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டு, இது நான், இது நான் என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது, இவ்வளவு காலம் கழித்தா கொடுப்பது என்று அக்காவைச் செல்லமாக அடித்தார்.

எல்லாருக்கும் கொடுத்து முடிக்க அக்காவின் உடம்பு இடம் கொடுக்கவில்லை. கடைசி வாரங்களில் சுத்திகரிப்பை உடம்பு தாங்கவில்லை. வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். வலி இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். கதிர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான். ஒரு காலையில் கோப்பி கேட்டார். இனி எதற்குத் தடுப்பது என்று கலந்து கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு, “சீனி பத்தல” என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது. அன்று நண்பகலில், கதிரின் கையைப் பிடித்தபடி, அமைதியாகப் போனார்.

அக்காவுக்கு உதவியவர்கள் பலர். சுத்திகரிப்பு நிலையத்துத் தாதியர் அவருடைய அதட்டலை எல்லாம் சிரித்துக்கொண்டே பொறுத்தார்கள். பகல் முழுக்க அவரோடு இருந்து தூக்கிப் படுக்கவைத்த பணிப்பெண் ரீனா, அக்காவிடம் தமிழ்த் திட்டுகளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார். அண்டைவீட்டுத் திருவாட்டி ஓங், எங்கள் வீட்டு விளக்கு அணையும்வரை தன் கதவைத் திறந்தே வைத்திருப்பார். இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்கள், வெயிலில் வரிசையில் நின்று விடைகொடுத்த தொழிற்சாலைத் தோழிகள், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி. மெய் லினுக்கு நன்றி என்ற சொல் போதாது. நான் அன்று அவர்மேல் பட்ட கோபத்தைக் கதிர் அவரிடம் சொல்லிவிட்டானாம். அவர் சிரித்தாராம். இந்த மலருக்கான படங்களையும் அவரேதான் அச்சுக்குத் தயார் செய்து தந்தார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று பூசை முடிந்து சாப்பாடு நடக்கும் இந்த மண்டபத்தில், வாசலுக்குப் பக்கத்து மேசையில், அக்கா கொடுக்காமல் விட்ட படங்களைக் கதிரும் நானும் பரப்பிவைத்திருக்கிறோம். சிலவற்றின் பின்னால் அக்கா பென்சிலால் பெயர் எழுதியிருக்கிறார். மற்றவற்றில் முகம் மட்டும்தான் இருக்கிறது. உங்களையோ, உங்கள் அம்மாவையோ, சின்னம்மாவையோ அங்கே கண்டால் தயவுசெய்து எடுத்துப் போங்கள். எங்களிடம் கேட்க வேண்டியதில்லை. அது உங்களுடையது. சாப்பிட்ட கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வாருங்கள். நடுவில் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். அக்கா அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். கேட்காதவர்களின் கையைத் தட்டியும் விட்டிருப்பார்.